மேல்கைத் தளர்ச்சி: பேக்கேஜில் குறையாதது டம்பெல்லில் குறைந்தது

ஸ்லிம்மிங் சென்டரில் கட்டிய பணத்தில் பாதிக்குச் சற்று மேல் போன வாரம் என் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. பணம் கைக்கு வரும்வரை இதைப் பற்றி எழுதக் கூடாது என்றிருந்தேன். எடை குறையக் குறைய மேல்கைச் சதை மட்டும் தொங்கத் தொடங்குகிறதே, அந்தக் கவலையில் இருப்பவர்களுக்காக இப்போது எழுதுகிறேன். யாராவது உங்களிடம் ‘கைக்கு மட்டும் தனி பேக்கேஜ்’ என்று பேசத் தொடங்கியிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எடை குறைத்த கதையில் புதிதாக ஒன்றுமில்லை. காலை நடை, இரவுச் சோற்றைக் குறைத்தது, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தியது, தைராய்டு மாத்திரையைத் தவறாமல் போட்டது. 91 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்தேன். இடுப்பு இறங்கியது, முகம் இறங்கியது, மோதிரம் கழன்றது. கை மட்டும் முன்பைவிட மோசமாகத் தெரிந்தது. எனக்கு 43 வயது, பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் முழங்கைக்கு மேலே அடிப்பக்கம் தனியாக ஆடும். திருச்சி வெயிலில் முழங்கை வரை ரவிக்கைக் கை வைத்துத் தைத்துக்கொண்டு, அக்குளில் வேர்க்குருவோடு வகுப்பில் நிற்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் சென்டர். “மேடம், இது கையில் இருக்கும் கொழுப்பை மட்டும் கரைக்கும் கருவி. தோலும் கூடவே இறுகிவிடும்” என்றார் கவுன்சிலர் என்று அறிமுகமான பெண். 48,000 ரூபாய், அதற்கு மேல் அப்போதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 56,640. இன்று மாலைக்குள் கட்டினால்தான் இந்த விலை என்று வேறு அவசரப்படுத்தினார்கள். கருவி கையில் சூடு கொடுக்கும். பிறகு ஒரு களிம்பைத் தடவி பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பிரித்ததும் கை கொஞ்சம் சிறுத்தது போலத் தெரியும். வேர்வையும் நீரும் இறங்கியதால் வரும் தோற்றம் அது. இரவுக்குள் பழையபடி ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியது அவர்கள் அளவெடுக்கும் விதத்தை. சிகிச்சைக்கு முன் டேப்பை மேல்கையின் நடுவில், தளர்வாக வைத்து அளந்தார்கள். முடிந்ததும் டேப் இரண்டு விரல்கடை கீழே, முழங்கையை நோக்கி இறங்கியிருந்தது. சதை பிதுங்கும்படி இறுக்கியும் பிடித்தார்கள். “பாருங்கள் மேடம், முக்கால் இன்ச் குறைந்திருக்கிறது!” அடுத்த முறை வீட்டிலேயே தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனேன். இரண்டு முறையும் அந்தப் புள்ளியில்தான் டேப்பை வைக்க வேண்டும் என்று சொன்னேன். முன்பும் பதினான்கரை, பின்பும் பதினான்கரை. அளந்த பெண் கார்டில் எண்ணை எழுதாமல் கவுன்சிலரைக் கூப்பிடப் போய்விட்டார். எங்கே போனாலும் இந்தப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்களே அளப்பதற்கும் இதுதான் சரியான முறை. கையைத் தொங்கவிட்டு, டேப்பை இறுக்காமல், மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

என்னை அதைவிடக் கோபப்படுத்தியது அவர்கள் கொடுத்த டயட் சார்ட். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும், இரவில் சூப். முட்டை, பருப்பு, மீன், தயிர் எதற்கும் அதில் இடமில்லை. புரதம் இல்லாமல் வேகமாக எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். கையில் ஏற்கெனவே குறைவாக இருந்த தசையும் போனால் தோல் இன்னும் தொங்கத்தானே செய்யும்? முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியதும் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். பிறகு அதுவே புகாருக்கு ஆதாரமாகப் பயன்பட்டது.

பணத்தைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ‘செலுத்திய தொகை திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். வேண்டுமானால் மீதியை ஃபேஷியலுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அப்படி ஒரு வரியை அச்சடித்துவிட்டதாலேயே பேச்சு முடிந்துவிடாது. குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்தேன். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. முதலில் வந்த பதிலும் வழவழா கொழகொழா என்றுதான் இருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன் என்று எழுத்தில் தெரிவித்த பிறகு குரல் மாறியது. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இணையத்திலும் போடலாம்.

இதில் என்னைக் காப்பாற்றியது ஒரு கையெழுத்து, சரியாகச் சொன்னால் நான் போடாத கையெழுத்து. வருகைப் பதிவேட்டில், இனி வரப்போகும் நாட்களுக்கும் சேர்த்து மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடும்படி வரவேற்பறையில் கேட்டார்கள். ‘ஒவ்வொரு முறையும் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே’ என்று காரணமும் சொன்னார்கள். வந்த நாளுக்கு மட்டும்தான் போடுவேன் என்று மறுத்துவிட்டேன். எத்தனை அமர்வு மீதம் என்பதை அவர்களால் மறைக்க முடியாமல் போனது அதனால்தான். தயவுசெய்து யாரும் வெற்று வரிசையில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பேக்கேஜ் தொகை ஓர் அமர்வுக்கு எவ்வளவு என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தோள்வலிக்காகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட்தான் கையைப் பற்றி உருப்படியாகப் பேசிய முதல் ஆள். அடிப்பக்கத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிக்கச் சொன்னார். கிள்ளியது தடிமனாக, கெட்டியாக இருந்தால் இன்னும் கொழுப்பு இருக்கிறது. மெல்லிசாக, துணியைப் பிடித்தது போல வந்தால் அது பெரும்பாலும் தோல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும்தான் குறையும், நாம் கைகாட்டும் இடத்திலிருந்து மட்டும் குறையாது. கைப் பயிற்சி செய்தால் கைக்கொழுப்பு கரையும் என்பதும் உண்மையில்லை. பயிற்சியால் வருவது தசை. மேல்கைத் தசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத்து ட்ரைசெப்ஸ். நாம் தொங்குகிறது என்று வருந்தும் இடமும் அதுதான். பஞ்சு குறைந்த தலையணைக்கு உறை தொளதொளப்பது போலத்தான் இதுவும். உள்ளே நிரப்ப நம்மிடம் இருப்பது தசை மட்டுமே.

இதைக் கேட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போனால் அங்கே வேறு தடை. டிரெயினர் தம்பி என்னை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் ஒரு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்தார். “அக்கா, அதிக எடை தூக்கினால் கை ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிடும்.” ஆகாது. தசையைப் பெருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு மிகக் குறைவு. அந்த அளவில் அப்படியொரு கை தற்செயலாக வந்துவிடாது. காய்கறிப் பையில் நாம் தினமும் நாலு கிலோ தூக்குகிறோம், ஒரு கிலோவுக்குத் தசை ஏன் வளரப் போகிறது? அவரோடு வாதாடி ஓய்ந்து, கடைசியில் பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த தாளை நீட்டிய பிறகுதான் இரண்டு கிலோ கிடைத்தது.

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், பிறகு அதையே மேசை விளிம்பில். உள்ளங்கைகளைத் தோள் அகலத்துக்குள் நெருக்கி வைத்தால் ட்ரைசெப்ஸில் நன்றாகப் பிடிக்கும். ஒரு டம்பெல்லை இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவது. குனிந்து நின்று முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக் கையைப் பின்னால் நீட்டுவது. கூடவே தோளுக்கும் முதுகுக்கும் ஒன்றிரண்டு, ஏனென்றால் தோள் உருண்டால் கை தானாகவே எடுப்பாகத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஓய்வு. கடைசி இரண்டு மூன்று தடவை தூக்கச் சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் எடையைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. நாற்காலி விளிம்பில் கைகளைப் பின்னால் ஊன்றி உடலை இறக்கி ஏற்றும் ‘டிப்ஸ்’ பயிற்சியை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். என் தோள்வலி ஆரம்பித்ததே அதில்தான். கை பின்னால் போன நிலையில் உடல் எடையின் சுமை தோள் மூட்டின் முன்பக்கத்தில் விழுகிறது. நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை நோய் அல்லது தைராய்டு இருப்பவர்களும் அதைத் தொடும் முன் தோளைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். தோள் இறுகிப்போகும் தொல்லை இவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வந்தால் சடை பின்னக்கூடக் கை மேலே போகாது.

சாப்பாட்டில் நான் குறிவைத்தது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம். 68 கிலோவுக்கு நாளைக்கு 80 கிராமுக்குச் சற்று மேல். இட்லி, சாதம், ரசத்தை மட்டும் வைத்து அதை எட்டவே முடியாது. ஒரு முட்டையில் ஆறு கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25க்கு மேல். காலையில் இட்லியோடு முட்டை, பள்ளி இடைவேளையில் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் மீன் அல்லது சோயா, இரவில் கெட்டித் தயிர் என்று பிரித்துக்கொண்டேன். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் டேப்பில் எதுவும் தெரியாது. அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். இப்போது ஐந்து கிலோ டம்பெல் தூக்குகிறேன். பதினான்கரை அங்குலம் பன்னிரண்டேகாலுக்கு வந்திருக்கிறது. கையை மடக்கினால் பின்பக்கம் ஒரு கோடு தெரிகிறது! என் மகள் தொட்டுப் பார்த்து, “அம்மா, கல்லு மாதிரி இருக்கிறது” என்றாள். தோல் முழுவதும் ஒட்டிக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு விரல் அளவு மடிப்பு இன்னும் இருக்கிறது. வயது, எத்தனை ஆண்டு பருமனாக இருந்தோம், எவ்வளவு குறைத்தோம், எவ்வளவு வேகமாகக் குறைத்தோம், வெயில், புகைப் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் தோல் எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இறுக்கும் கிரீம் என்று விற்பவை தோலை மிருதுவாக்கும், தொங்கும் தோலை மேலே தூக்காது.

அந்த மடிப்பை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்கப் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரையும் பார்த்தேன். நேர்மையாகப் பேசினார். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும், அதற்கு முன் கத்தி வைப்பது வீண் என்றார். அக்குளிலிருந்து முழங்கைக்கு அருகில் வரை உட்பக்கத்தில் தழும்பு இருக்கும். நாளாக நாளாக மங்கும், மறையாது. சிலருக்குத் தழும்பு தடித்துவிடும், முன்கையின் உட்பக்கம் மரத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. சில வாரங்கள் இறுக்கமான உறை போட்டிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில்தான் எரிச்சல். பழைய எடைச் சீட்டு கொண்டு வாருங்கள் என்றார் அங்கிருந்தவர். கொண்டு போனால் தைராய்டு ரிப்போர்ட். அதையும் கொடுத்தால் மருத்துவர் கடிதம். பள்ளியில் அனுமதி கேட்டுக் கேட்டு அலைந்த பிறகு, இதற்கெல்லாம் பணம் வராது என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார். பாலிசிப் புத்தகத்தில் நிலையான விலக்குகள் பட்டியலில் 08 என்ற குறியீட்டைப் பாருங்கள். அழகுக்கான அறுவை சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் அங்கே விலக்கப்பட்டிருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, அல்லது உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க அவசியம் என்று மருத்துவர் சான்றளிப்பது, இவைதான் விதிவிலக்கு. முதல் நாளே அவர் அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் எனக்கு அலைச்சல் மிச்சம்.

தையல்காரரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். கை அளவு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் ரவிக்கைக் கையின் உட்தையலில் ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தைக்க வேண்டும். கை சிறுத்தால் பிடித்துக்கொள்ளலாம், தசை ஏறினால் பிரித்தும் விடலாம். நான் கடைசியாகத் தைத்த ரவிக்கைகளில் கை நீளம் ஆறு அங்குலம்தான்.