சின்னவளுக்கு எம்.ஆர். ஊசி: தேவையே இல்லாத ஒரு லெட்டருக்காக அலைந்த கதை

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். சின்னவளுக்கு ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ருபெல்லா ஊசியை ஒருவழியாகப் போட்டாயிற்று. பெரியவனுக்கு ஆட்டிசம். அதனால்தான் இந்தப் பாடு.

ஊசி போடும் இடத்தில் தாயி கார்டு (கர்நாடகாவில் தாய்-சேய் விவரம் எழுதும் அட்டை), வரிசை எல்லாம் வழக்கம்போலத்தான். பெரியவனும் கூட வந்திருந்தான். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அதைப் பார்த்த நர்ஸ், "இவனுக்கும் ஊசி போட்டப்புறம்தானேம்மா இப்படி ஆச்சு? எதுக்கு ரிஸ்க்? டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஊசிக்கு எதிராக நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அழித்துவிடலாம். ஊசி போடுகிறவரே சொன்னால்? பக்கத்தில் நின்ற மாமியாருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பெரியவனைப் பார்க்கும் டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. முந்தைய டோஸுக்குக் கடுமையான அலர்ஜி, எதிர்ப்புச் சக்தி மோசமாகக் குறைந்திருப்பது, இப்படி ஏதாவது இருந்தால்தான் இந்த ஊசியைத் தவிர்ப்பார்களாம். அண்ணனுக்கு ஆட்டிசம் என்பது காரணமே இல்லையாம். இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது, 1998-இல் வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்துக் கிளப்பிய பீதி. அந்தக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் வாபஸ் வாங்கியது. அதே வருடம் அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. எனக்குத் தைரியம் தந்தது வேறு: டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைக் கவனித்து 2019-இல் வந்த ஆய்வு. அண்ணன், அக்காவுக்கு ஆட்டிசம் உள்ள குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தும் எம்.எம்.ஆர். ஊசியால் (தட்டம்மை-ருபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவது) ஆட்டிசம் வரும் ஆபத்து கூடவில்லை.

மாமியாரிடம் இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. 'ஒன்றரை வயசு ஊசியில்தான் பேச்சு நின்னுச்சு' என்பது அவர் கட்சி. பெரியவனின் முதல் பிறந்தநாள் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கேக்குக்கு முன்னால் அத்தனை பேரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஒரு தடவைகூடத் திரும்பாமல் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் ஓடவிடச் சொன்னார்.

டாக்டர் எழுதித் தந்த லெட்டரோடு போனால், "இன்னிக்கு மருந்து பாட்டிலைத் திறக்க மாட்டோம், வியாழக்கிழமை வாங்க." மருந்தைக் கலந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், குழந்தைகள் சேர வேண்டும். எனவே ஊசி நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். வியாழக்கிழமை லெட்டரை நீட்டினேன். நர்ஸ் படிக்கக்கூட இல்லை, ரிஜிஸ்டருக்குள் செருகிவிட்டு ஊசியைப் போட்டார்.

இன்னொன்று: இந்த ஊசிக்குக் காய்ச்சல் ஒரு வாரம் கழித்தும் வரும். எங்களுக்கும் வந்தது, லேசான தடிப்போடு. 'பார்த்தியா!' என்று நாத்தனார் போன். தானாகவே இறங்கிவிட்டது.

அடுத்த டோஸ் 16 மாதத்துக்கு மேல். நாத்தனாருக்குச் சொல்வதாக இல்லை.