ரணில் வந்தப்ப சனம் என்ன சொன்னது

2022 நெருக்கடி நேரம் இலங்கையில பிரதமராவும் பிறகு ஜனாதிபதியாவும் வந்த ரணில் விக்கிரமசிங்கதான் நாட்டைக் காப்பாத்தினவர், சனம்தான் நன்றி கெட்டுப்போய் 2024 ஜனாதிபதித் தேர்தல்ல அவரைத் தோக்கடிச்சது எண்டு ஒரு கதை இப்பவும் கலியாண வீட்டிலயும் வட்ஸ்அப் குரூப்பிலயும் போய்க்கொண்டிருக்கு, கேக்கேக்க எல்லாம் எனக்கு மனசு பொறுக்குதில்லை. ஏனெண்டா 2022இல அந்த அரசாங்கம் வந்த நேரம் நான் கொழும்பிலதான் இருந்தனான், வெள்ளவத்தையில, சனம் என்ன கதைச்சது எண்டு காதால கேட்டனான். ரணிலும் ராஜபக்சக்களின்ர கட்சியும் சேர்ந்த அந்தக் கூட்டுக்கு அந்தச் சனம் ஒருநாளும் ஓம் எண்டு சொல்லேல்லை. பெற்றோல் வரட்டும் எண்டு சொன்னது உண்மை. ரெண்டும் ஒண்டில்லை.

அப்ப நிலைமை எப்பிடி இருந்தது எண்டு மறந்தவைக்காகக் கொஞ்சம் சொல்லுறன். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. 200 ரூபாயில நிண்ட டொலர் ரெண்டு மாசத்துக்குள்ள 360ஐத் தொட்டுட்டுது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு அரசாங்கமே அறிவிச்சுது, சுதந்திரத்துக்குப் பிறகு அப்பிடி நடந்தது அதுதான் முதல் தரம். 12.5 கிலோ லிட்றோ காஸ் 2,675 ரூபாயில இருந்து ஒரே பாய்ச்சலா 4,860, அந்த விலை குடுத்தாலும் சிலிண்டர் இல்லை, சரி மண்ணெண்ணெய் அடுப்பு எண்டு போனா மண்ணெண்ணெய்க்கு இன்னொரு லைன். வரிசையில மயங்கி விழுந்து செத்த வயசான ஆக்களின்ர செய்தி பேப்பரில வந்துகொண்டிருந்தது.

மே 9ஆம் திகதி பிரதமரின்ர அலரி மாளிகையில, அப்ப பிரதமரா இருந்த மகிந்த ராஜபக்சவின்ர கூட்டத்துக்கு வந்த ஆக்கள் அப்பிடியே இறங்கிப்போய் காலி முகத்திடல்ல கூடாரம் அடிச்சுப் போராடிக்கொண்டிருந்த பிள்ளையளை அடிச்சு, கூடாரங்களைக் கொளுத்தி, அண்டைக்கே மகிந்த விலகி, இரவு நாடு முழுக்க அரசாங்க எம்பிமாரின்ர வீடுகள் எரிஞ்சுது. பிறகு ஊரடங்கு. மூண்டு நாள் நாட்டில பிரதமரே இல்லை. 12ஆம் திகதி பின்னேரம் ரணில் ஆறாவது தரமா சத்தியப்பிரமாணம் எடுக்கிறார் எண்டு டிவியில ஓடுது. யாழ்ப்பாணத்தில இருந்து அம்மா எடுத்து முதல் கேட்டதே "ஆர், ரணிலே?" எண்டுதான்.

அம்மா ஆச்சரியப்பட்டதில ஒரு பிழையும் இல்லை. 2020 பாராளுமன்றத் தேர்தல்ல ரணிலின்ர ஐக்கிய தேசியக் கட்சிக்கு நாடு முழுக்கச் சேத்து விழுந்தது 2.15 வீதம். ஒரு மாவட்டத்திலயும் ஒரு ஆசனம் வரேல்லை, ரணிலே கொழும்பில தோத்தவர். தேசியப் பட்டியல்ல கிடைச்ச ஒரேயொரு கதிரை, அதிலயும் 2021 ஜூன்லதான் வந்து இருந்தவர். 225 பேர் இருக்கிற பாராளுமன்றத்தில அவரின்ர கட்சிக்கு அவர் ஒராள்தான். அப்பிடி ஒரு ஆள் ஆட்சி செய்யிறதெண்டா பின்னால நிக்கிறது ஆர்? ராஜபக்சக்களின்ர மொட்டுக்கட்சிதான், சனம் வீட்ட போகச்சொல்லித் துரத்தின அதே ஆக்கள். சர்வகட்சி அரசாங்கம் எண்டு பேர் வைச்சினம், ஆனா எதிர்க்கட்சித் தலைவர் சஜித்தின்ர கட்சி, ஜனாதிபதி கோத்தா (கோத்தாபய ராஜபக்ச) இருக்கும்வரைக்கும் வரமாட்டம் எண்டு நிண்டுது, ஜேவிபியும் வரேல்லை. முதல் நாலு அமைச்சர்மாரும் தினேஷ் குணவர்தன, ஜீ.எல். பீரிஸ், பிரசன்ன ரணதுங்க, காஞ்சன விஜேசேகர, எல்லாம் பழைய முகம். பிறகு சஜித்தின்ர பக்கத்தில இருந்து ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் தாவினவை, சுதந்திரக் கட்சியில நிமல் சிறிபால, எங்கட பக்கத்தால டக்ளஸ் தேவானந்தா திரும்பவும் கடற்றொழில். அலரி மாளிகைக்கு முன்னால 'மைனா கோ கம' (மகிந்த போ எண்ட கிராமம்) எண்டு கூடாரம் அடிச்சிருந்த பிள்ளையள் அந்த இடத்துக்கு 'நோ டீல் கம' எண்டு பேரை மாத்திச்சுதுகள். ராஜபக்சக்களைக் காப்பாத்தப் போட்ட டீல் இது எண்டுதான் காலி முகத்திடல்ல கேட்ட ஆளெல்லாம் சொன்னது.

ஆனா காலி முகத்திடல் மட்டும் நாடில்லை, பெற்றோல் செட் வாசலும் நாடுதான், உண்மையைச் சொன்னா அந்த மாசங்களில நாடு கூடுதலா இருந்தது செட் வாசல்லதான். மே 16 இரவு ரணில் பேசினார், ஒரு நாளைக்குத்தான் பெற்றோல் இருக்கு, சம்பளம் குடுக்கிறதெண்டாக் காசு அச்சடிக்கத்தான் வேணும், வாற ரெண்டு மாசமும் எங்கட வாழ்க்கையிலயே மோசமா இருக்கப்போகுது எண்டெல்லாம். அதைக் கேட்டு ஒரு நிம்மதி வந்த ஆக்களும் இருந்தவை, அதை நான் மறைக்கேல்லை. ரெண்டு வருசமா எல்லாம் சரி எண்டே சொல்லிக்கொண்டிருந்த ஆக்களுக்குப் பிறகு ஒருத்தர் கணக்கை மேசையில வைச்சா அது பெரிய விசயம்தானே. ஐஎம்எஃப்ஓட (சர்வதேச நாணய நிதியம்) கதைக்கத் தெரிஞ்ச ஆள், வெளிநாட்டுக்காரன் நம்புவான் எண்டு எங்கட பில்டிங்கில இருந்த வங்கி வேலைக்காரர் எல்லாரும் சொல்லிச்சினம்.

நான் பைக்கோட லைன்ல நிக்கேக்க முன்னுக்கு நிண்ட ஓட்டோ நானா ஒருத்தர், தெமட்டகொடைக்காரர், முதல்நாள் இரவில இருந்து அங்கதான் படுத்திருக்கிறார். புது அரசாங்கம் ஏதும் செய்யுமோ நானா எண்டு கேட்டன். "தம்பி, எண்ணெ வந்தா நான் அடிப்பேன், புள்ளையள் சாப்பிடணுமே. அதுக்காக இவருக்கு நான் கைதட்டினேன்டு நாளைக்கு யாரும் சொல்லப்படாது" எண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, கொரோனா நேரம் முஸ்லிம் ஆக்களின்ர மையத்துகளை (சடலங்களை) அடக்க விடாமல் எரிச்ச அரசாங்கத்தில இருந்த ஆக்கள்தானே திரும்ப மந்திரியா வந்திருக்கிறாங்க எண்டு சொன்னார். அந்த வார்த்தையை நான் மறக்கேல்லை. அவர் அரசியல் ஆய்வாளர் இல்லை, ஆனா பிறகு தொலைக்காட்சியில வந்து கதைச்ச கனபேருக்கு விளங்காதது அவருக்கு அண்டைக்கே விளங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்தில கதை வேற மாதிரி. எங்கட ஆக்களுக்கு ரணில் எண்டா ஒரு பழைய கணக்குக் கிடக்கு. 2002இல பிரபாகரனோட யுத்தநிறுத்த ஒப்பந்தம் போட்டவர், யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த நேரம், அதை நன்றியோட நினைக்கிற ஆக்களும் இருக்கினம், இயக்கத்தை உள்ளுக்கால உடைச்ச நரி எண்டு திட்டுற ஆக்களும் இருக்கினம், சிலவேளை ரெண்டும் ஒரே வீட்டுக்க ஒரே மேசையில. 2005இல வடக்கில வாக்குப் போடாமல் விட்டதால ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்ச வாக்கு வித்தியாசத்தில ரணிலைத் தோக்கடிச்சு மகிந்த ஜனாதிபதியா வந்தார், அதுக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால "இவராவது பரவாயில்லை" எண்டு மெதுவாச் சொன்ன வாத்தியார்மாரை எனக்குத் தெரியும். 2015இல மைத்திரியும் ரணிலும் சேர்ந்த நல்லாட்சி எண்டு நம்பி வாக்குப் போட்டு ஒரு அரசியல் தீர்வும் வரேல்லை எண்டு சலிச்ச ஆக்கள் அதைவிடக் கூட.

இன்னொரு பேச்சும் ஊரில பரவலா இருந்தது. தொண்ணூறுகளில அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடினனாங்கள், சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் அலைஞ்சனாங்கள், இப்பத்தானே தெற்குக்கு வந்திருக்கு, பாக்கட்டும் எண்டு. அந்தக் கோவம் எங்க இருந்து வருது எண்டு எனக்குத் தெரியும், அது நியாயமான கோவம். ஆனா பாக்கட்டும் எண்ட சொல் எனக்குப் பிடிக்கேல்லை, இப்பவும் பிடிக்கேல்லை, ஏனெண்டா அந்த லைன்ல நிண்டு காய்ஞ்சது தடை போட்ட ஆக்கள் இல்லை. புது அரசாங்கம் வந்து ஆறு நாள்ல, மே 18, காலி முகத்திடல்ல, 2009 போர் முடிவில செத்த தமிழ்ச் சனத்தை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்தவை, சிங்களப் பிள்ளையளும் பிக்குமாரும் வந்து அஞ்சலி செலுத்திச்சினம், கொழும்பின்ர நடுவில பகிரங்கமா அப்பிடி ஒண்டு நடக்கும் எண்டு நான் நினைச்சிருக்கேல்லை. கூட்டு எண்ட சொல்லுக்கு அந்த வருசம் நான் நேர கண்ட அர்த்தம் அதுதான், அமைச்சரவையில இல்லை.

தேயிலைத் தோட்டச் சனம் இருக்கிற மலையகத்தைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்லை. கோதுமை மா விலை ஏறினா அங்க ரொட்டி சின்னதாகும், அப்ப நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய், அதுவும் 2021இலதான் கிடைச்சது. அங்க ரணில் வந்தாரா மகிந்த போனாரா எண்டதைவிட மா மூட்டை வந்ததா எண்டதுதான் கேள்வி.

ஜூன் இன்னும் மோசம். விசுவமடுவில பெற்றோல் செட்டில தகராறு வந்து ஆமி சுட்டு ஆக்களுக்குக் காயம். மாசக் கடைசியில அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எண்ணெய் எண்டு ரெண்டு கிழமைக்கு மூடினாங்கள், பெற்றோல் லிட்டர் 470, பள்ளிக்கூடம் இல்லை, றோட்டில சைக்கிள் மட்டும். ஜூலை 9 சனம் வெடிச்சுது, ஜனாதிபதி மாளிகைக்குள்ள போச்சுது, அண்டிரவு ரணிலின்ர வீடும் எரிஞ்சுது, அதை நான் ஒருநாளும் சரியெண்டு சொல்லமாட்டன், நூலகம் எரிஞ்ச ஊரில பிறந்தவனுக்கு நெருப்பு சந்தோசம் தராது. கோத்தா மாலைதீவுக்கு ஓடி, சிங்கப்பூர் போய் அங்க இருந்து விலகினார். ஜூலை 20 புது ஜனாதிபதியைத் தெரிய பாராளுமன்றத்தில நடந்த வாக்கெடுப்பில ரணிலுக்கு 134, மொட்டுக்கட்சி எம்பி டளஸ் அழகப்பெருமவுக்கு 82, ஜேவிபியின்ர அநுரவுக்கு 3. எங்கட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டளஸை ஆதரிக்கிறது எண்டு முடிவெடுத்தது. 134 பேர் ஓம் எண்டினம், ரெண்டு கோடி சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லை. ஜூலை 22 விடியப்புறம் ஆமியும் பொலிஸும் போய் காலி முகத்திடல்ல இருந்த பிள்ளையளை அடிச்சுக் கலைச்சுது, பின்னேரம் தாங்களாப் போறம் எண்டு அந்தப் பிள்ளையள் சொல்லியிருந்தும்.

பிறகு எண்ணெயைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் முறை வந்தது. பைக்குக்குக் கிழமைக்கு 4 லிட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வரிசை கரைஞ்சுது. சனம் வீட்டை போச்சுது, வேலைக்குப் போச்சுது, அதைப் பாத்துட்டுத்தான் சனம் ஏற்றுக்கொண்டுட்டுது எண்டு எழுதத் தொடங்கிச்சினம். வரிசை ஏன் கரைஞ்சது? கடன் கட்டுறதை ஏப்ரல்லயே நிப்பாட்டினபடியா கையில டொலர் கொஞ்சம் நிண்டுது, இந்தியா அந்த வருசம் கிட்டத்தட்ட 400 கோடி டொலர் பெறுமதியான உதவி தந்தது, உலக வங்கியின்ர காசில காஸ் வந்தது, எல்லாத்துக்கும் மேல விலையைப் பாத்துச் சனமே பாவிப்பைக் குறைச்சுது. செப்டம்பர்ல கொழும்பில பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான் 94.9. மூண்டு நேரம் சாப்பிட்டது ரெண்டு நேரமான வீடுகளுக்கும் அந்த ஒழுங்கில ஒரு பங்கு இருக்கு. கியூஆரும் ஐஎம்எஃப் பேச்சும் ரணிலின்ர ஆக்கள் செய்த வேலைதான், அதைக் குறைச்சுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பில் வரத் தொடங்கினது அதுக்குப் பிறகு. ஆகஸ்ட்ல கரண்ட் கட்டணம் 75 வீதம் கூடிச்சு, அடுத்த பெப்ரவரியில இன்னொரு 66. மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340, எங்கட பக்கம் சின்ன வள்ளம் ஓடுறதே மண்ணெண்ணெயில, குருநகரிலயும் மயிலிட்டியிலயும் கடலுக்குப் போறதே நட்டம் எண்டு ஆக்கள் கரையில இருந்தவை. உள்நாட்டுக் கடனைச் சீர் செய்யேக்க தொழிலாளியின்ர ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில கை வைச்சினம். வாட் 18 வீதமாச்சு. இதெல்லாம் வேற வழியில்லை எண்டு வைச்சுக்கொள்ளுவம், ஆனா சனத்திட்ட கேக்கிறதுக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது, 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல், அதுக்குக் காசு இல்லை எண்டு நிப்பாட்டினாங்கள். அது அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்ல தீர்ப்புச் சொன்னது, நிதியமைச்சரா இருந்த ரணிலின்ர பேரையும் சொல்லித்தான். நன்றி கெட்ட சனம் எண்டு சொல்லுற ஆக்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டினம்.

ஒரு மாசம் கழிச்சு, செப்டம்பர் 21, கடைசியா வாக்குப் பெட்டி வந்தது. ரணிலுக்கு 17.27 வீதம், மூண்டாவது இடம். 2.15இல இருந்து பாத்தா அதில நன்றியும் இருக்கு, அந்த 23 லட்சம் பேர் அந்தப் பெற்றோலை மறக்கேல்லை. மிச்ச ஆக்களும் மறக்கேல்லை, அவைக்கு டீலும் ஞாபகம் இருந்தது, ஜூலை 22 விடியப்புறமும் ஞாபகம் இருந்தது. 2022இல 134 எம்பிமாரிட்டக் கேட்ட கேள்வியை சனத்திட்டக் கேக்க ரெண்டு வருசம் எடுத்திச்சினம், செட் வாசல்ல அந்த நானா எனக்குச் சொன்ன பதிலைத்தான் சனம் வாக்குச்சீட்டில எழுதிக் குடுத்தது.