அம்மாவுக்கு பாஸ்போர்ட் எடுத்த கதை

அம்மாவுக்கு இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கப் போய் நாங்கள் அலைந்ததை எழுதி வைக்கச் சொல்லி எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் தமிழ்நாட்டு நீலகிரியில், கூடலூரிலோ பந்தலூரிலோ ஒரு அத்தையோ சித்தப்பாவோ இருக்கிறார். எங்களுக்குக் கோத்தகிரியில் பெரியம்மா. 1974ல் கணவர் வீட்டாரோடு ஒப்பாரிக் கோச்சியில், அதாவது பிரிகிறவர்கள் அழுதுகொண்டு போன ரயிலில், ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம் போனவர். இப்போது அவருக்கு நடக்க முடியவில்லை. அம்மாதான் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆனபோது பாஸ்போர்ட் பேச்சு வந்தது.

ஐடி இருக்கிறது, வோட்டு இருக்கிறது, பிறப்புப் பத்திரம் இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களிடம் கடதாசி இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சட்டத்தின் காலத்தில், ஒவ்வொரு மொழியில், ஒவ்வொரு கிளார்க்கின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டது. பாஸ்போர்ட்டுக்கு அவை எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்ப வேண்டும். அங்கேதான் வினை.

அம்மா 1958ல் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1948ம் ஆண்டின் 18ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பிரஜையாக இருந்தால்தான் பிரஜாவுரிமை. தாத்தா இங்கேதான் பிறந்தார். ஆனால் அவர் பிரஜை ஆக வேண்டுமானால் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். திருச்சிப் பக்கத்திலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த மனிதரின் மகன் எதைக் காட்டுவார்? 1949ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று வந்த சட்டத்தின் கீழ் தாத்தாவும் எழுதிப் போட்டார், நிராகரித்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

பிறகு 1964 ஒக்டோபர் 30ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். பிரஜாவுரிமை இல்லாத எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்டன. அந்த மிச்சத்தையும் 1974ல் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். தாத்தா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. பெரியம்மா குடும்பம் போனது. தாத்தா மட்டும் சேவைக்காலப் பணம் வரட்டும், பாட்டிக்குச் சுகமாகட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். 1984ல் யுத்தத்தால் கப்பல் நின்றது. பாஸ்போர்ட் காலாவதியானது. நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம்.

1988ல் நாடற்றவர்களுக்கென்று வந்த சட்டமும் அம்மாவுக்கு உதவவில்லை. இந்தியாவுக்கு எழுதிப் போட்ட 5,06,000 பேரை அது சேர்க்கவில்லை. தாத்தா போட்ட கையெழுத்தில் அம்மாவும் அந்தக் கணக்கில் போய்விட்டார். கடைசியில் 2003ம் ஆண்டின் 35ம் இலக்கச் சட்டம்தான் வழி விட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை. பாஸ்போர்ட் எடுக்காதவர்களுக்கு ஒரு பொதுப் பிரகடனம், இந்தியப் பாஸ்போர்ட் இருந்தவர்களுக்கு ஆணையாளர் கையெழுத்தோடு ஒரு விசேட பிரகடனம். தோட்டம் தோட்டமாக முகாம் வைத்தார்கள். பத்து நாளில் 1,90,000 பேருக்கு மேல் பிரஜாவுரிமை பெற்றதாக ஐ.நா. அகதிகள் நிறுவனம் சொன்னது. அது பெரிய வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேகத்தில் படிவம் நிரப்பியவர்கள் பெயரை எப்படி எழுதினார்கள் என்பதை நாங்கள் இப்போதுதான் பார்த்தோம்.

பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் அம்மா கட்டிலில் பரப்பினார். தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பத்தோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், உள்ளே பிள்ளைகள் பக்கத்தில் அம்மாவின் பெயர். அம்மாவின் பிறப்புப் பத்திரம் ஆங்கிலத்தில், தகப்பன் பெயர் பழனியாண்டி என்று வாசிக்கும்படி சரியாகவே இருந்தது. 2003 பிரகடனத்தைச் சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார். சிங்களத்தில் ழகரம் கிடையாது, ஆகவே பலனியாண்டி. அதைப் பார்த்துப் பிற்பாடு யாரோ தமிழில் தட்டியபோது அந்த லகரம் அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது. அம்மாவின் பழைய ஐடி முழுக்கச் சிங்களம், அதில் தகப்பன் பெயரில் பாதியைக் காணோம். தாத்தா மூன்று பேராகிவிட்டார்.

பெயரைக்கூடச் சமாளித்திருக்கலாம், பிறந்த தேதியும் பொருந்தவில்லை. ஐடியில் ஒரு வருடம் கூட. இதை லேசாக நினைக்காதீர்கள். பழைய ஐடி இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தில் அது எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். தேதியைத் திருத்தினால் ஐடி இலக்கமே மாறிவிடும். தோட்டத்து ஈபிஎஃப் (சேமலாப நிதி) பணம் பழைய இலக்கத்தில் கிடக்கும், வங்கிக் கணக்கு, அரசாங்கம் தரும் அஸ்வெசும உதவிப் பணம் எல்லாம் அதே இலக்கத்தில்தான். அம்மா ஈபிஎஃப் பணத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் தப்பித்தோம். இன்னும் எடுக்காதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டுத் தேதியில் கை வையுங்கள்.

எங்கள் பிரதேச செயலகத்தில் நடந்ததை அதிகம் சொல்லப் போவதில்லை, சொன்னால் கோபம்தான் வரும். பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதி கேட்டோம். தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் பதிவே இல்லை என்றார்கள். கையில் ஒரிஜினலை வைத்துக்கொண்டு, பதிவு இல்லை என்று கேட்பது ஒரு தினுசான அனுபவம். விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிறப்புகள் ஊர்ப் பதிவோடு சேரவில்லை. துரை, அதாவது தோட்ட நிர்வாகி, ஒபிசிலிருந்து தகவல் போய்த் தனியாகப் பதிவாகும். அதைச் சொல்லித் தந்தவர் அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்று, வாசலில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு பெரியவர். தோட்டப் பதிவு என்று குறிப்பிட்டுக் கேட்டதும் கிடைத்துவிட்டது. கவுண்டருக்கு உள்ளே இருந்த யாருக்கும் இது தெரியாமல் போனதா, சொல்ல மனமில்லையா, அது அவர்களுக்கே வெளிச்சம்.

பிறகு சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி. மூன்று பெயரும் ஒரே ஆளுடையது என்று அம்மா சத்தியம் செய்தார். ஐடித் திருத்தத்துக்குத் தோட்டத்து ஆட்கள் துரையிடம் அத்தாட்சி வாங்க வேண்டும். அம்மா வேலையிலிருந்து நின்றவர், ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் குடியிருக்கிறார். முதலில், “இப்ப இவங்க நம்ம செக்ரோல்ல இல்லையே” என்றார்கள். செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவில், இல்லாதவர் லயத்தில் இல்லையா? வெல்ஃபேர் ஆபீசர் நல்ல மனிதர், பேசி முடித்துக் கொடுத்தார். இன்னொன்று, லயத்துக்கென்று தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்ட ஒபிசுக்குத்தான் வரும். புதிய ஐடி வந்து அங்கே ஒரு மேசை லாச்சியில் கிடந்திருக்கிறது, நாங்கள் திணைக்களத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். தபால் வர வேண்டிய காலத்தில் ஒபிசில் தினம் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

புதிய ஐடி சிங்களத்திலும் தமிழிலும் இருந்தது. ழகரம் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

அதன் பிறகு கண்டி பாஸ்போர்ட் அலுவலகம். படத்தை அவர்கள் அனுமதித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், அவர்களே நேரே அனுப்பிவிடுவார்கள், நமக்கு ரசீது மட்டும். விண்ணப்பத்துக்கான கே 35 ஏ படிவம், பிறப்புப் பத்திரம், ஐடி, விசேட பிரகடனம் எல்லாம் வரிசையாக இருந்ததால் கேள்வி குறைவு. சிக்கல் விரலில் வந்தது. அம்மா கண்ணாடி மேல் கட்டை விரலை வைக்கிறார், மெஷின் எடுக்கவில்லை. துடைத்து வைத்தார், எடுக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து கிள்ளிய கை, ரேகை தேய்ந்து போயிருக்கிறது. கவுண்டரில் இருந்த நோனா எழுந்து வந்து, “அம்மே” என்று அம்மாவின் கையைப் பிடித்து, ஈரத் துணியால் துடைத்து, விரலைத் தானே மெதுவாக அழுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து முடித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் திரும்பியே பார்க்கவில்லை.

பாஸ்போர்ட் வந்தது. அடுத்தது இந்திய விசா. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இப்போதைய குடியுரிமை பிறப்பால் கிடைத்ததா, பிற்பாடு பெற்றதா? அம்மா பிறந்தது இலங்கை, பிரஜையானது 45 வயதில். அதற்குக் கீழே, முன்பு வேறு குடியுரிமை இருந்ததா என்று இன்னொன்று. அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எதப் போடுவ?” பிற்பாடு பெற்றது என்று போட்டோம். சின்ன வயதில் தகப்பனாரின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர் இருந்தது, அதைக் கொண்டு பயணம் செய்யவில்லை, இப்போது இலங்கைப் பிரஜை என்று ஒரு கடிதமும், அந்தப் பக்கத்தின் பிரதியும், பிரகடனமும் வைத்தோம். மறைத்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே பழைய பதிவு இருக்கும், நாளைக்கு அதுவே வில்லங்கமாகும். விசா தந்தார்கள்.

கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம், பிறகு பஸ்ஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி. பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பக்கம் டேன்டீத் தேயிலைத் தோட்டங்கள் நிறைய. இங்கிருந்து போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968ல் தொடங்கியது அது. கொழுந்துக் கூடையும் லயமும் இங்கே போலவேதான். அங்கே அவர்களுக்குப் பெயர் இன்னும் சிலோன்காரர்கள். இங்கே எங்கள் பிறப்புப் பத்திரத்தில் இந்தியத் தமிழர். பெரியம்மா மகன் இதைச் சொல்லிச் சிரித்தார். அவர் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க அலைந்த கதையைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அண்ணனுக்கு இப்போது மஸ்கெலியாவைப் பார்க்க ஆசை, தாயின் ஊர் என்று. அவருக்குப் பாஸ்போர்ட் இல்லை, பெரியம்மாவுக்கும் இல்லை. பிறந்த இடம் இலங்கை என்று எழுதினால் இந்தியப் பிரஜை என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்று அங்கே தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1974ல் இறங்கிய கையோடு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் போதுமாம். பெரியம்மா அதை ஒரு பெட்டியில் வைத்ததாகச் சொல்கிறார், எந்தப் பெட்டி என்று நினைவில்லை. அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறார். தாத்தாவின் பாஸ்போர்ட்டில் பெரியம்மா பெயர் இருக்கிறதா என்று நேற்று கேட்டு அனுப்பியிருந்தார். கல்யாணமாகிவிட்டதால் அதில் இல்லை.