ஃப்ரிட்ஜ் படுத்த வாரம்

மே 11, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் படுத்துருச்சு. காலைல தொறந்தா தோசை மாவு புளிச்சுப் பொங்கி கீழ் தட்டு வரைக்கும் வழிஞ்சு கெடக்கு, அம்மா என்னமோ நான்தான் பண்ண மாதிரி என்னையே மொறைக்கிறாங்க. மெக்கானிக் அண்ணன் வந்து பாத்துட்டு "கேஸ் போயிருச்சு தம்பி, எங்கயோ லீக்கு"ன்னாரு. கொஞ்சம் கேஸ் ஏத்தி பைப்பெல்லாம் சோப்பு நுரை தடவித் தேடினாரு. கெடைக்கல. வெள்ளிக்கெழம வர்றாராம்.

மே 12, திங்கள்

லேப்லயும் அதே நெனப்பு. ஏன்னா எங்க ஃபீல்டான பருவநிலை ஆராய்ச்சியோட பெரிய தலை வீரபத்ரன் ராமநாதன் முதல்ல பாத்த வேலையே இதான், அண்ணாமலை யுனிவர்சிட்டில இன்ஜினியரிங் முடிச்சிட்டு செகந்தராபாத்ல ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனில ஃப்ரிட்ஜ குளிர வைக்கிற கேஸான ஃப்ரியான் ஏன் லீக் ஆகுதுன்னு பாக்குறது. புடிக்கல. அப்புறம் பெங்களூர் ஐஐஎஸ்சி, அங்கருந்து அமெரிக்கா. அங்க போனா கைடு ராபர்ட் செஸ், இனிமே நான் இன்ஜினியரிங் பக்கம் இல்ல, செவ்வாய் வெள்ளி கிரகங்களோட காத்துதான்ங்கிறாரு! என் கைடு இப்படி சொல்லியிருந்தா நான் அழுதுருப்பேன்.

மே 13, செவ்வாய்

1974ல மொலினா, ரோலண்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஃப்ரியான் ஓசோன் படலத்த அரிக்கும்னு சொன்னாங்க. ராமநாதன் சூட்டுப் பக்கம் பாத்தாரு. பூமியோட சூடு இன்ஃப்ராரெட்டா, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராதான் வெளிய போகுது, அதுல நெறைய தண்ணி ஆவியும் கார்பன் டை ஆக்சைடும் புடிச்சு வச்சுக்கும், 8லருந்து 12 மைக்ரான் அலைநீளம் வரைக்கும்தான் ஜன்னல் தொறந்து வச்ச மாதிரி. ஃப்ரியான் கரெக்டா அந்த ஜன்னல்ல போய் உக்காந்துக்குது. அதான் சூட்ட புடிச்சு வைக்கிறதுல அதோட ஒரு மூலக்கூறு 10,000 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கும் மேல. 1975ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. எங்க குரூப்ல அவர 1999 இண்டோஎக்ஸ் ஆய்வுக்குதான் கொண்டாடுவாங்க, இந்தியப் பெருங்கடல் மேல பழுப்புப் புகை, அது இது. எனக்கு இந்த சின்ன பேப்பர்தான்.

மே 16, வெள்ளி

அண்ணன் வந்தாரு. வந்ததும் பைப்ப வெட்டி, ஞாயித்துக்கெழம ஏத்தினதுல மிச்சம் இருந்தத புஸ்ஸுன்னு பால்கனிப் பக்கம் விட்டுட்டாரு. அப்புறம் ஊசி முனை ஓட்டை ஒன்ன கண்டுபுடிச்சு பத்தவச்சு அடைச்சாரு. "முன்னாடி ஆர்-12 தம்பி, இப்ப 134ஏ, ஓசோனுக்கு ஒன்னும் ஆகாது"ன்னு எனக்கே பாடம். ஆர்-12ங்கிறது ஒரு ஃப்ரியான், 134ஏ அதுக்கு பதிலா வந்த கேஸ். ஓசோனுக்கு ஆகாதுதான், ஆனா கிலோவுக்கு கிலோ கார்பன் டை ஆக்சைடவிட 1,300 மடங்குக்கு மேல சூடேத்தும்.

"அந்த கேஸ அப்படியே விட்டுட்டீங்களேண்ணே"ன்னேன்.

"அட, அம்பது ரூவா கூட வராது தம்பி. பில்லுல சேக்கல."