மாருதி 800இன் ஆக்ஸிலேட்டர் கேபிள்: மூன்று வாரக் கூத்து

ஒரு வழியாக நேற்று சாயங்காலம் வண்டி இரையாமலும் அணையாமலும் ஒழுங்கான ஸ்லோ ஸ்பீடில் நின்றது. ஒரு கேபிள், அதில் இரண்டு நட், அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்கு மூன்று வாரம் ஆனது என்று வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இன்னும் கார்பரேட்டர் 800ஐக் கட்டிக்கொண்டு அழுகிற யாருக்காவது உதவட்டும்.

1997 மாடல், அப்பா வாங்கிய வண்டி. பழைய கேபிள், கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பக்கம் லீவரில் மாட்டும் முனையிலுள்ள ஈயக் குண்டுக்குக் கொஞ்சம் முன்னால் இழை இழையாகப் பிரிந்து மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அறுந்தால் வண்டி நின்றுவிடும், அதுகூடப் பரவாயில்லை. பிரிந்த இழை உறைக்குள் போய் மாட்டிக்கொண்டால் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் மூடாது. அதனால் தள்ளிப்போடாமல் சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். முதல் கடையில் கொடுத்த கேபிளை வீட்டில் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்கம்பி அதே நீளம், வெளி உறை மட்டும் ஒரு விரற்கடை அதிகம். மாட்டினால், கேபிளை இழுக்கவும் தளர்த்தவும் உள்ள அட்ஜஸ்டரைக் கடைசி மரை வரை தள்ளினாலும் கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்ததை விரலால் காட்டினார்கள். சரி, போகட்டும். பழைய கேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள், கார்பரேட்டர் வண்டி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ 800க்கு வேறு. இரண்டாவது கடையில் கிடைத்தது சரியாக உட்கார்ந்தது. உள்ளே நைலான் குழாய் போட்டே வருகிறது, அதற்குள் எண்ணெய் விடவில்லை; விட்டால் தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இனிமேல்தான் கூத்து. ஞாயிறு காலை வண்டியை எடுத்து ஓரத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்பியை நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தேன். தொய்வு கூடுதலாக இருந்தது. அட்ஜஸ்டரை இரண்டு சுற்று இழுத்து, லேசாக ஆடுகிற அளவுக்கு வைத்து லாக் நட்டை இறுக்கினேன். சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது பெடலிலிருந்து காலை எடுத்தும் வண்டி ‘ங்ங்ங்’ என்று இரைந்துகொண்டே நிற்கிறது. 800இல் டேக்கோமீட்டர் ஏது, காதுதான் மீட்டர். ஆனாலும் பக்கத்து பைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். த்ராட்டில் லீவர் மூடும்போது வந்து உட்காரும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் குறைத்தேன், சத்தம் குறையவில்லை. இன்னும் குறைத்தேன். ஸ்க்ரூ கையோடு வந்துவிடும் போல இருந்ததே தவிர சத்தம் அப்படியே.

அப்போதாவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். ஸ்க்ரூவைத் திருகியும் மாற்றம் இல்லை என்றால் அந்த ஸ்க்ரூ மேல் லீவர் உட்காரவே இல்லை, வேறு எதுவோ அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை ஸ்க்ரூ முனைக்கும் லீவருக்கும் நடுவில் விட்டேன், தடையே இல்லாமல் மறுபக்கம் விழுந்தது. கேபிளை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன், லீவர் ஸ்க்ரூவில் ‘டக்’ என்று வந்து உட்கார்ந்தது. ஆனால் ஸ்க்ரூவை அதற்குள் ஏகத்துக்கும் வெளியே எடுத்திருந்தேன் என்பது மறந்தே போயிற்று. அசோக் பில்லர் சிக்னலில் வண்டி மூன்று முறை ஆஃப் ஆகி நின்றது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் காலையில் பார்த்தால் மறுபடி தொய்வு! சரி, லாக் நட் வழுக்குகிறது என்று முடிவு கட்டினேன். அந்த நட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிராக்கெட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னாலிருப்பதைப் பிடிக்காமல் முன்னாலிருப்பதை இறுக்கினால் அட்ஜஸ்டரும் சேர்ந்து சுற்றி, பார்த்துப் பார்த்து வைத்த அளவு போய்விடுகிறது. இரண்டு ஸ்பேனரும் ஒரே நேரத்தில் உள்ளே போக இடம் இல்லை. இடுக்கி வைத்துப் பிடித்து நட்டின் மூலையை மழுக்கிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் புதுப்பேட்டையில் பழைய ஸ்பேனர் ஒன்றை வாங்கி, வெல்டிங் பட்டறையில் கிரைண்டரில் கொடுத்து பாதி கனத்துக்கு இழைத்துக்கொண்டேன். என் கருவிப் பெட்டியிலேயே இப்போது எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், இரவல் கேட்காதீர்கள். இறுக்கும்போது எப்படியும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் கால் சுற்று கூடுதலாகத் தளர்த்தி வைத்து இறுக்குகிறேன், சரியாக வந்து நிற்கிறது.

இவ்வளவு செய்தும் காலையில் தொய்வு, சாயங்காலம் விறைப்பு. மூன்றாவது ஞாயிறு காலையில் எரிச்சலில் கேபிளை லீவரிலிருந்தே கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகும் பஸ் டிக்கெட் தடையில்லாமல் விழுகிறது! கேபிளே இல்லை, அப்படியானால் த்ராட்டிலைத் திறந்து வைத்திருப்பது யார்?

சோக். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சமாச்சாரம். டேஷ்போர்டில் அதன் குமிழை முழுவதும் உள்ளே தள்ளியாகிவிட்டது, ஆனால் கார்பரேட்டர் பக்கம் சோக் லீவர் பாதியில் நிற்கிறது. சோக் கேபிள் உள்ளே துருப்பிடித்து, தள்ளினால் கம்பி வளைகிறதே தவிர லீவரை முழுவதும் திருப்புவதில்லை. சோக் லீவரோடு சேர்ந்த கேம், குளிர்ந்த எஞ்சின் ஓடுவதற்காக த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைக்கும். அது பாதியில் நின்றால் த்ராட்டிலும் பாவம் அப்படியே நிற்கும். த்ராட்டில் லீவர் முன்னால் போய்விட்டதால் ஆக்ஸிலேட்டர் கேபிள் தொய்வாகத் தெரிகிறது. அதை நம்பி நான் இழுத்துக் கட்டுகிறேன். பத்து நிமிடம் ஓடியதும் மூன்று சிலிண்டர் அதிர்வில் சோக் லீவர் தானாகத் திரும்பிவிடுகிறது. இப்போது த்ராட்டில் மூட நினைத்தாலும் நான் இழுத்துக் கட்டிய கேபிள் விடுவதில்லை. அதனால் சாயங்காலம் இரைச்சல். தளர்த்துகிறேன். மறுநாள் காலை மறுபடி சோக். நானும் செக்குமாடு மாதிரி அந்த இரண்டு நட்டையே சுற்றி வந்திருக்கிறேன்.

சோக் கேபிளைக் கழற்றி, ஊசி போடும் சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி, மறுமுனையில் வடிகிற வரை விட்டேன். அது நைலான் இல்லாத பழைய உறை, எண்ணெய் விடலாம். வடிந்தது டிகாக்ஷன் நிறத்தில். மாட்டி, குமிழைத் தள்ளிவிட்டு, குமிழைப் பார்க்காமல் கார்பரேட்டர் பக்கம் லீவரைப் பார்த்தேன். அப்புறம் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, டிக்கெட் மாட்டிக்கொள்கிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டேன்.

தொய்வு மட்டும் பார்த்தால் போதாது, மறுகோடியும் இருக்கிறது. மகளை சீட்டில் உட்கார வைத்து முழுக்க மிதிக்கச் சொன்னேன். "மிதிச்சாச்சுப்பா" என்கிறாள், த்ராட்டில் லீவர் கடைசித் தடுப்புக்குக் கால் அங்குலம் முன்னால் நிற்கிறது. கேபிளை இழுக்கத்தான் கை போயிற்று, நல்லவேளை கீழே குனிந்து பார்த்தேன்: போன தீபாவளிக்கு வாங்கிப் போட்ட தடிமனான ரப்பர் மேட். அதை எடுத்ததும் சரியாகிவிட்டது. பிக்கப் இல்லை, பிக்கப் இல்லை என்று ஆறு மாதமாக கார்பரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். முழுக்க மிதித்தபோது லீவருக்கும் தடுப்புக்கும் நடுவில் ஹாக்ஸா பிளேடு ஒன்று நுழைகிற இடைவெளி விட்டிருக்கிறேன். முட்டிவிட்டால் காலின் அழுத்தம் முழுக்க ஈயக் குண்டின் மேல்தான் இறங்கும்.

இன்னும் ஒரு பாக்கி. ரிவர்ஸில் கிளட்சை விடும்போது மட்டும் இரைச்சல் ஒரு நொடி ஏறி இறங்குகிறது. கேபிளில் இப்போது தொய்வு சரியாக இருக்கிறது, அதனால் எஞ்சினே ஆடி கேபிளை இழுக்கிறது என்று நினைக்கிறேன். பானெட்டைத் திறந்து வைத்து மகளை பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கிளட்சைப் பாதி விடச் சொல்லலாம் என்று பார்த்தேன், அவள் அம்மா விடவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து செய்து காட்டினார். எஞ்சின் ஒரு பக்கம் நன்றாகவே தூக்குகிறது. "மவுண்டிங் ரப்பர் போயிடுச்சு தம்பி, கேபிளைத் தொடாதே" என்றார். இந்த முறை தொடவில்லை. சனிக்கிழமை புதுப்பேட்டையில் மவுண்டிங் விலை விசாரிக்கணும், அப்படியே புது சோக் கேபிளும்.