பிரெட்டுக்கு ஏத்த எத்தல்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் போனை ட்ரைபாடில் மாட்டி காமெடித் தொடர் எடுக்கிற பசங்களிடம் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோட்டை விடுவது ஆள் எடுப்பதில். நடிக்கத் தெரிந்த ஐந்து பேரைப் பிடித்துப் போட்டால் தொடர் நின்றுவிடும் என்று ஒரு நினைப்பு. நிற்காது. சிட்காமில் ஒரே வீடு, ஒரே மாடிப்படி, அதே நாலு முகம்தான். பார்க்கிறவன் வாராவாரம் திரும்பி வருவது அந்த நாலு பேருக்குள் நடக்கிற இழுபறிக்காக. ஆகவே ஆளைத் தனித்தனியாகத் தேர்வு செய்யக்கூடாது, ஜோடி பார்த்து எடுக்கணும். இதற்கு அமெரிக்காவின் பழைய டிவி காமெடித் தொடர் 'ஐ லவ் லூசி' மாதிரி ஒரு பாடம் இன்னும் வரவில்லை.

அதன் நாயகி லூசில் பால் அப்போது சிபிஎஸ் என்கிற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் ரேடியோவில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். அவரை டிவிக்குக் கொண்டுவர சிபிஎஸ்சுக்கு ஆசை. புருஷன் வேஷத்துக்கு என் நிஜப் புருஷன் டெசி ஆர்னாஸ்தான் வேண்டும் என்றார் அவர். டெசி கியூபாக்காரர், பேச்சில் ஸ்பானிஷ் வாடை தூக்கலாக அடிக்கும். இப்படி ஒரு ஜோடியை ஜனம் ஏற்குமா என்று சேனல் தயங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் வாதாடவில்லை. 1950-ல் ஒரு மேடை நிகழ்ச்சி தயார் செய்து ஊர் ஊராகப் போனார்கள். ஜனம் சிரித்தது, சேனல் இறங்கி வந்தது. 1951 மார்ச்சில் பைலட், அதாவது சேனலுக்குக் காட்டுகிற மாதிரி எபிசோடு, எடுத்தாயிற்று.

அந்த பைலட்டில் பிரெட்டும் எத்தலும் கிடையாது. ஹவுஸ் ஓனர் ஜோடியான இவர்கள் பிற்பாடுதான் கதைக்குள் வந்தார்கள். அதற்கு முதலில் நினைத்தது ரேடியோவில் லூசிலோடு நடித்துப் பழகிய கேல் கார்டனையும் பீ பெனடெரெட்டையும். இரண்டு பேருமே வேறு தொடரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் வில்லியம் பிராலி தானாகவே லூசிலுக்குப் போன் போட்டு வேலை கேட்டார். வயது 64, பழைய சினிமா முகம், குடிகாரர் என்று பெயர் வேறு. சேனல் வேண்டாம் என்றது. டெசி அவரிடம் நேருக்கு நேராகவே பேசி பிரெட் வேஷத்தை முடித்தார்: சரியான காரணம் இல்லாமல் தாமதமாக வந்தாலோ, குடித்துவிட்டு நின்றாலோ உன் பாத்திரமே கதையில் இருக்காது. பிராலி கடைசிவரை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எத்தல் கிடைத்தது கலிபோர்னியாவில் லா ஹோயா என்கிற ஊரின் நாடக அரங்கில். டைரக்டர் மார்க் டேனியல்ஸ் தனக்கு முன்பே தெரிந்த விவியன் வான்ஸை மேடையில் காட்ட டெசியைக் கூட்டிப்போனார். நாடகம் முடிவதற்குள் டெசி முடிவு செய்துவிட்டார். பிராலி பிறந்தது 1887, வான்ஸ் 1909. இருபத்திரண்டு வருஷ வித்தியாசம். அப்பா வயதுக்காரருக்குப் பெண்டாட்டியா என்று வான்ஸுக்கு எரிச்சல். அது காதில் விழுந்ததிலிருந்து பிராலிக்கும் அவரைப் பிடிக்காது. அந்தக் கடுப்பு கேமராவில் எப்படித் தெரிந்தது? இருபத்தைந்து வருஷம் ஒரே சமையல்கட்டில் குப்பை கொட்டிய தம்பதியின் சலிப்பாக. தனித்தனியாக மார்க் போட்டிருந்தால் இந்த ஜோடி தேறியே இருக்காது. 1951 அக்டோபர் 15-ல் தொடங்கி 180 எபிசோடு ஓடியது. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. பின்னால் பிரெட்டையும் எத்தலையும் வைத்துத் தனித்தொடர் எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது பிராலி தயார், வான்ஸ் முடியவே முடியாது என்றுவிட்டார். ஸ்பாட்டில் சண்டை போடுகிற இருவரைச் சேர்த்தால் திரையில் லாபம், கால்ஷீட்டில் நஷ்டம். தெரிந்தே செய்யுங்கள்.

இன்னொரு அமெரிக்கத் தொடரான 'ஆல் இன் தி ஃபேமிலி'யில் இந்த ஜோடிக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். 1968-ல் ஒரு பைலட், 1969-ல் இன்னொன்று, இரண்டையும் ஏபிசி சேனல் வேண்டாம் என்றது. இரண்டிலும் பெரியவர்கள் கேரல் ஓ'கானரும் ஜீன் ஸ்டேபிள்டனும்தான். மகள் மருமகன் ஜோடி மட்டும் ஒவ்வொரு தடவையும் சேர்ந்தே மாறியது. மூன்றாம் தடவை ராப் ரைனரும் சாலி ஸ்ட்ரதர்ஸும் வந்தார்கள், 1971 ஜனவரியில் சிபிஎஸ்சில் ஒளிபரப்பானது. ஒரு பாரில் நடக்கிற 'சியர்ஸ்' தொடரின் ஆட்கள் கடைசிச் சுற்றில் மூன்று ஜோடியைத்தான் சேனல் முன்னால் நிறுத்தினார்கள். தேறியது டெட் டேன்சனும் ஷெல்லி லாங்கும். ஹீரோவை முதலில் பழைய ஃபுட்பால் ஆட்டக்காரராக எழுதியிருந்தார்கள். டேன்சனின் உடம்புவாகுக்கு அது பொருந்தாததால் பேஸ்பால் பந்து வீச்சாளர் ஆக்கினார்கள். ஆளுக்காக வேஷத்தைத் திருத்துவது தோல்வி இல்லை.

இனி நம்ம ஊர்க் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை போதும். முதல் சுற்றில் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம், ஒரு மணி நேரம். அதில் மூன்று ஆண், மூன்று பெண் நிற்கட்டும். எல்லாரையும் எல்லாரோடும் சேர்த்தால் ஒன்பது ஜோடி. ஜோடிக்கு எட்டு நிமிஷம் வைத்தால் 72 நிமிஷம். மிச்ச நேரம் சந்தேகம் வந்த இரண்டு ஜோடிக்கு. மூன்றாவது நாலாவது ஜோடியிலேயே "இவங்கதான்" என்று தோன்றும். ஒன்பதையும் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். சீன் பழகப் பழக பின்னால் வருகிறவர்கள் தேறுவது இயல்பு, அதனால் முதலில் வந்த ஜோடியைக் கடைசியில் ஒருமுறை திரும்பக் கூப்பிடுங்கள்.

சீன் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கிற தெரு, லைனில் இரண்டு பேர்:

"அக்கா, உன் பேர்ல ரெண்டு கொடம்தான். இங்க மூணு இருக்கு."

"மூணாவது என் மாமியாரோடது."

"உன் மாமியார் ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது."

"ஊருக்குப் போனா தாகம் எடுக்காதா?"

சிரிப்பு நாலாவது வரியில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தூக்கிப் பிடிப்பது மூன்றாவது வரி. மூன்றாவதைச் சொல்கிறவன் தன்னையும் காமெடியன் என்று நினைத்து நெளிந்தால் நாலாவது செத்துவிடும். அவன் நிஜமாகவே குடத்தை எண்ணுகிறவனாக நிற்கணும். அதனால் பேசுகிற முகத்தை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தைப் பாருங்கள். தன் வரி எப்போது வரும் என்று காத்திருக்கிறவனின் கண் எதிராளியின் வாயில் இருக்கும். கேட்கிறவனின் கண் குடத்துக்கும் எதிராளியின் முகத்துக்கும் போய்வரும்.

பிறகு ஒரே ஒரு திருத்தம் கொடுங்கள்: "ஹவுஸ் ஓனர் பின்னாடி கதவோரமா நிக்கிறாங்க, மெதுவா பேசு." சொன்னதை உடனே செய்கிறாரா என்பது மனப்பாடத்தை விட முக்கியம். அடுத்து வேஷத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் காமெடித் தொடர் 'டாட்ஸ் ஆர்மி'யில் கனவான் மாதிரி இருந்த ஜான் லெ மெஷரியர் சார்ஜென்ட், குள்ளமாய் விறைப்பாய் நிற்கிற ஆர்தர் லோ கேப்டன். பார்த்ததும் யாருக்கும் நேர்மாறாகத்தான் தோன்றும். தொடரின் சிரிப்பில் பாதி அந்த இடமாற்றத்தில்தான் இருந்தது.

போனை ஆள் நெஞ்சு உயரத்தில், இருவரும் ஒரே ஃபிரேமில் முட்டிவரை தெரிகிற மாதிரி வையுங்கள். குளோசப்பில் எடுத்தால் தனி ஆளைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய அறை வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் லாரி ஹார்னுக்கு மேல் கத்திப் பேசிப் பேசி எல்லாருமே ஓவர் ஆக்டிங் செய்கிற மாதிரித் தெரியும். ஆடிஷனுக்கு யாரிடமும் காசு வாங்கக்கூடாது, பெண்கள் துணைக்கு ஆள் கூட்டிவரலாம் என்று முதல் மெசேஜிலேயே போட்டுவிடுங்கள்.

பாஷை விஷயம் தனி. "இன்னா நைனா" என்று ஆரம்பிக்கிறவரைப் பார்த்தால் எச்சரிக்கை. சினிமா ரவுடியிடம் கற்றுக்கொண்ட வடசென்னை அது. புளியந்தோப்பிலும் பேங்க் வேலைக்குப் போகிற அப்பா உண்டு, டியூஷன் எடுக்கிற அக்கா உண்டு, அவர்கள் வீட்டில் ஒரு மாதிரியும் ஆபீசில் ஒரு மாதிரியும் பேசுவார்கள். சோதிக்க எளிய வழி: ஈபி பில் அதிகமாக வந்ததைப் பற்றி முதலில் அம்மாவிடம், பிறகு ஈபி ஆபீஸ் கவுன்ட்டரில் பேசச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் வேஷம் போடுகிறார் என்று அர்த்தம்.

டேட்ஸை எழுத்தில் வாங்குங்கள். 'ஃபிரெண்ட்ஸ்' எடுக்கும்போது மேத்யூ பெர்ரி 2194-ஆம் வருஷத்து விமான நிலைய லக்கேஜ் ஆட்களைப் பற்றிய ஒரு பைலட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார், ஜெனிஃபர் அனிஸ்டன் சிபிஎஸ் தொடர் ஒன்றில் இருந்தார். முதல் வேலை ஓடியிருந்தால் இருவரையும் இழந்திருப்பார்கள். இரண்டுமே ஓடவில்லை, அது அதிர்ஷ்டம். நம்மிடம் ஹார்பரில் ஷிஃப்ட் பார்க்கிறவர், வார இறுதியில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகிறவர் என்று இருப்பார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடியைக் கையிருப்பில் வையுங்கள். ஒற்றை ஆளை மாற்றினால் பழைய பிரச்சினை திரும்ப வரும்.

அனுப்புகிறவரை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி, இந்தத் தெருவில் இன்னும் யார் இருக்கணும் என்று கேளுங்கள். ஜான் ராட்சன்பெர்கர் 'சியர்ஸ்'ஸில் நார்ம் என்கிற பார் வாடிக்கையாளர் வேஷத்துக்கு வந்து தேறவில்லை. கிளம்பும் நேரத்தில், பாரில் எல்லாம் தெரிந்த மாதிரி அளந்து விடுகிற ஒரு ஆள் உங்களிடம் உண்டா என்று கேட்டு, அப்படியே பேசியும் காட்டினார். தபால்காரர் கிளிஃப் அப்படித்தான் பிறந்தார்.