எங்கள் மெஸ்ஸின் குழாய் எங்கே போய்ச் சேருகிறது

போன ஐப்பசி மழையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் வடியாமல் எதிர்த்துக்கொண்டு மேலே வந்தது. வேலூரில் ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் மெஸ். சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கும் வங்காளத்துக்காரர்கள்தான் பாதி வாடிக்கை. அவர்களுக்காகக் கடுகெண்ணெயில் மீன் பொரிப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி. மதியத்துக்கு மட்டும் 12 கிலோ அரிசி வடிப்போம்.

அடைப்பு எடுக்க வண்டியோடு வந்த அண்ணன், தெருவில் பாதாள சாக்கடை மூடியைத் திறந்து குழாயை உள்ளே விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதந்து வந்தன. மெழுகு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, உறைந்துபோன எண்ணெய்ப் பிசுக்கு. ஒன்றை எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே சோற்றுப் பருக்கை, மிளகாய்க் காம்பு.

"இன்னாம்மா, இது உங்க அடுப்புல இருந்து வந்ததுதானே?" என்றார். குரலில் கோபமே இல்லை. "முன்னெல்லாம் இதுக்கு ஆள்தான் எறங்கணும். எங்க அப்பா எறங்கியிருக்காரு."

எனக்குப் பதில் வரவில்லை. என் அப்பா பேரணாம்பட்டில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புக் குழியில் 22 வருடம் நின்றவர். சாக்கடை, விஷம், பாலாறு என்றாலே எனக்கு டேனரிதான் நினைவுக்கு வரும். டேனரிக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் நம் மாவட்டத்தின் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த நான், கழிவு என்பது அடுத்தவர் செய்வது என்று இருந்துவிட்டேன்.

அன்று இரவு கடை மூடியபிறகு, 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளைத் தேடிப் படித்தேன். கழிவுநீரை எங்கே விடுகிறோம் என்பதைப் பொறுத்து அதில் நான்கு பத்திகள்: ஆறு ஏரி போன்ற நீர்நிலை, பொதுச் சாக்கடை, பாசன நிலம், கடலோரம். நீர்நிலையில் விடுவதென்றால் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சாக்கடைக்கு அதுவே 350. பிஓடி என்பது, நீரிலுள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் 27 டிகிரி வெப்பத்தில் 3 நாளில் எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன என்ற கணக்கு. மிதக்கும் துகள் ஆற்றுக்கு 100, சாக்கடைக்கு 600. எண்ணெய்ப் பிசுக்கு ஆற்றுக்கு 10, சாக்கடைக்கு 20.

அந்த 20-ஐ வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் எண்ணெயை ஊற்றிவிட்டு அந்த அளவுக்குள் கொண்டுவர வேண்டுமானால் கிட்டத்தட்ட 46,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். பெரிய லாரியில் நாலு லோடு. அந்த விதிகளின் பட்டியல், தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதியது, என் மெஸ்ஸுக்கு வந்து யாரும் அளக்கப் போவதில்லை. ஆனாலும் பொரித்த எண்ணெயின் அடிக்கசடை வாரத்துக்கு மூன்று முறை நான் எங்கே கொட்டினேன் என்பது எனக்குத் தெரியுமே.

என்னை அதிகம் உறுத்தியது எண்ணிக்கை அல்ல, கீழே இருந்த ஒரு குறிப்பு. சாக்கடைக்கான இந்தச் சலுகை, அந்தச் சாக்கடை நுண்ணுயிர் வைத்துச் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் போனால்தான் செல்லும். போகாவிட்டால் அதில் விடுவது நேராக ஆற்றில் விடுவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வேலூரில் எத்தனை கடைகளின் குழாய் திறந்த கால்வாயில் விழுகிறது! நிக்கல்சன் கால்வாயில் கலப்பது பாலாற்றுக்குத்தானே போகிறது. "சாக்கடையிலதாம்மா விடுறோம்" என்று நாம் சொல்வது அங்கே எடுபடாது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "சோறு, எண்ணெய்லாம் புழு பூச்சி தின்னுடும்மா. உப்பைத் தின்னுமா? குரோமைத் தின்னுமா?" என்றார். சரிதான். இரண்டும் தோல் பதனிடும்போது கழிவில் சேர்பவை. உப்பு சுத்திகரிப்பைத் தாண்டி அப்படியே போய்விடும். குரோமியம் பெரும்பாலும் சேற்றில் தங்கும். அதனால்தான் சாக்கடைக்கும் குரோமியம் 2 மில்லிகிராம், பாதரசம் 0.01 மில்லிகிராம் என்று இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அப்பா இன்னொன்றும் சொன்னார். சுண்ணாம்புக் குழியில் போடும் சல்பைடு கலந்த தண்ணீரோடு அமிலம் சேர்ந்தால் அழுகின முட்டை நாற்றம் வருமாம். அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. சாக்கடையில் தேங்கும் அழுக்கிலிருந்தும் அதே வாயுதான் வருகிறது. அளவு கூடினால் நாற்றமே தெரியாமல் மூக்கை மரக்கச் செய்துவிடும், உள்ளே இருப்பவர் ஆபத்தை உணரும் முன்பே விழுந்துவிடுவார். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அந்த அண்ணனின் அப்பா உயிரோடு வெளியே வந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கொத்தனாரை வரவழைத்து, பாத்திரம் கழுவும் இடத்துக்கு வெளியே நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறைத் தொட்டி கட்டினோம். தண்ணீர் தடுப்புக்கு அடியில் புகுந்து இரண்டாவது அறைக்குப் போகும், எண்ணெய் முதல் அறையிலேயே மேலே மிதந்து நின்றுவிடும். வெளிக்குழாயின் வாயும் நீர்மட்டத்துக்குக் கீழேதான். சனிக்கிழமைதோறும் கரண்டியால் வழித்து டப்பாவில் போடுகிறோம். முதல் வாரம் வழித்ததைப் பார்த்து எங்கள் மாஸ்டர் அண்ணன், "இவ்ளோவா ஊத்திட்டிருந்தோம்?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வடிகஞ்சிக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. மாவுச்சத்து கரைந்த நீர், பிஓடி எக்கச்சக்கம். முன்பு மாட்டுக்காரர் குடத்தோடு வருவார். தெருவில் மாடு குறைந்ததும் அவர் வரத்து நின்றது, நாங்களும் குழாயைத் திறந்துவிட்டோம். இப்போது சத்துவாச்சாரி பக்கம் மாடு வைத்திருக்கும் ஒரு பாட்டி பேரனை வண்டியில் அனுப்புகிறார். இரண்டு குடம் போகிறது. அவர்கள் வராத நாளில் கஞ்சி வடிக்காமல் தண்ணீரை அளந்து வைத்துப் பொங்கிவிடுகிறோம். குழையாமல் எடுக்க மாஸ்டர் அண்ணனுக்கு நான்கு நாள் பிடித்தது.

பக்கத்து லாட்ஜின் சமையலறைக் குழாய் இன்னும் திறந்த கால்வாயில்தான் விழுகிறது. உரிமையாளர் நல்லவர், நேற்று எங்கள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கட்ட எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். கொத்தனார் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.